முதலில் சொன்னவள்

மீதுஹுரா தீவு
நவம்பர் 9

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் இங்கே சுகம். உன் சுகமும் யூசுஃப் மச்சானின் சுகமும் அறிய ஆவல். உன் இடுப்பு வலி இப்போது எப்படி இருக்கிறது? இந்தக் கடிதம் கொண்டுவரும் தோணியில் ஒரு கட்டு மாசிக் கருவாடு அனுப்பியிருக்கிறேன். தோணிக்காரர்கள் வழியில் கிள்ளித் தின்றிருந்தால் எனக்கு எழுது. அவர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது.

சுகம் என்று வழக்கத்துக்காக எழுதினேன். சுகமில்லை. என் இடது கண்ணில், மூக்கோரத்து மூலையிலிருந்து ஒரு சதை கிளம்பி வந்துகொண்டிருக்கிறது. வெள்ளையாக, நடுவில் சிவப்பு நரம்போடு, முக்கோணமாக இருக்கிறது. முன்பெல்லாம் வெள்ளை விழியில்தான் கிடந்தது. இந்த நோன்புக்குப் பிறகு கருவிழியின் விளிம்பைத் தாண்டிவிட்டது. கண்ணில் மணல் கிடப்பது போல எந்நேரமும் உறுத்துகிறது. மாலையானால் எரிச்சல் தாங்க முடியவில்லை.

சூரை மீன் கூட்டம் எங்கே இருக்கிறது என்று பறவைகளைப் பார்த்துத்தானே தோணியை ஓட்டுகிறோம். தோணியை நடத்துகிற தண்டேலுக்குக் கண் போனால் வேறு என்ன இருக்கிறது? போன வாரம் மேற்கே பறவைகள் கூடியதை நான் பார்க்கவில்லை. அதுஹமின் தோணி எனக்கு முன்னால் பாய் விரித்துப் போய், நிறைய மீனோடு திரும்பியது. என் ஆட்கள் வாய் திறக்கவில்லை. வாய் திறக்காததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. தோணி முதலாளி கரையில் நின்று இரண்டு தோணியையும் மாறி மாறிப் பார்த்தார்.

இது தானாக வந்ததில்லை, ராத்தா. நான் ஹப்ஸாவைத் தலாக் சொல்வதற்கு முந்தைய வருஷம், ஒருநாள் சோறு வைத்துக்கொண்டே அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "உங்க கண்ணுல மூக்கோரமா ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கு, பார்த்தீங்களா?" என்றாள். அப்போது எனக்கு ஒரு உறுத்தலும் இல்லை. யாருக்கும் தெரியாத ஒன்று அவளுக்கு எப்படித் தெரிந்தது? இப்போது அவள் அதுஹமின் பெண்டாட்டி. என் கண் மறைந்தால் யாருக்கு லாபம் என்று நீயே யோசித்துப் பார்.

அந்த வருஷம் பல் பிடுங்க அவள் மாலேக்கு வந்து உன் வீட்டில் தங்கினாள். அப்போது ஓதிப் பார்க்கிறவர் யாரிடமாவது போனாளா? நன்றாக யோசித்து எழுது.

உன் தம்பி
ஈஸா

---

மாலே
நவம்பர் 28

என் தம்பி ஈஸாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். நாங்கள் சுகம். இடுப்பு வலி போகும், வரும், அது என் கூடப்பிறந்தது. மாசி வந்தது, யாரும் கிள்ளவில்லை. உனக்கு எல்லோர் மேலும் சந்தேகம்.

பதினோரு வருஷம் உன்னோடு குடித்தனம் செய்து ஒரு பிள்ளையையும் பெற்றவள் உன் கண்ணைக் கெடுப்பாளா? கெடுத்தால் உங்கள் மகள் ஸுமையாவுக்குச் சோறு போடுகிற தகப்பன் யார்? கோபத்தில் எழுதியிருக்கிறாய். முகத்தைக் கழுவிக்கொண்டு மறுபடி யோசி.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். அவள் எங்கேயும் போகவில்லை. பல் பிடுங்குகிற இடத்துக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். பல் பிடுங்கியதும் மூன்று நாள் கஞ்சி குடித்தாள். ஒரே ஒரு மத்தியானம் மட்டும் நான் தைத்துக்கொண்டிருந்தபோது தனியாக வெளியே போய்விட்டு வந்தாள். எங்கே என்று கேட்டதற்கு "சும்மா, கடைத்தெரு" என்றாள். கையில் ஒன்றும் வாங்கி வரவில்லை, முகமும் வாடியிருந்தது. பல் வலி என்று நினைத்துக்கொண்டேன். இப்போது நீ கேட்டதால் எனக்கும் அது ஞாபகம் வருகிறது. அதை ஒரு விஷயமாக எடுத்துக்கொள்ளாதே.

கண்ணைக் கசக்காதே. முருங்கைக் கீரை சாப்பிடு.

துஆவுடன்,
ராத்தா ரகிய்யா

---

மீதுஹுரா தீவு
டிசம்பர் 20

ராத்தாவுக்கு,

ஸலாம். சுகம். உங்கள் சுகத்துக்கும் துஆ செய்கிறேன்.

நீ எடுத்துக்கொள்ளாதே என்று எழுதியதைத்தான் நான் எடுத்துக்கொண்டேன். அந்த மத்தியானம்! கடைத்தெருவுக்குப் போனவள் ஒரு ஊசிகூட வாங்காமலா வருவாள்? பெண்கள் கடைத்தெருவுக்குப் போய் வெறுங்கையோடு வந்ததை நீ பார்த்திருக்கிறாயா?

கலு மூஸாவிடம் கண்ணைக் காட்டினேன். ஓதிப் பார்ப்பதில் இந்தப் பக்கத்துத் தீவுகளில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "அவ உனக்கு எந்தப் பக்கம் படுப்பா?" என்று கேட்டார். இடப் பக்கம் என்றேன். "அப்ப சரிதான்" என்றார்.  என் மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது.

என் வீட்டுப் பின்னால் ஈரப்பலா மரத்தடியில் தோண்டச் சொன்னார். தோண்டினேன். முழ ஆழத்தில் ஒரு கயிற்றுத் துண்டு, முடிச்சுப் போட்டு, மண்ணோடு மண்ணாக இருந்தது. ஹப்ஸா கயிறு திரிக்கிறவள் என்பது உனக்குத் தெரியும். கலு மூஸா அதைக் கையால் தொடாமல் ஓலையால் எடுத்துக் கடலில் விட்டார். ஓதிய தண்ணீரால் தினமும் கண்ணைக் கழுவுகிறேன். இரண்டு நாள் எரிச்சல் குறைந்தது போல இருந்தது.

முந்தாநாள் ஸுமையா என்னைப் பார்க்க வந்தாள். என்னவோ சொல்ல வந்தவள் போல வாசலில் நின்றாள். "உம்மா அனுப்பினாளா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். வேவு பார்க்க அனுப்பியிருப்பார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும்.

ஈஸா

---

மாலே
ஜனவரி 14

அன்புத் தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் சுகம். இந்த மாதம் தோணி கிடைக்காததால் பதில் தாமதம். வேறு காரணம் கற்பித்துக்கொள்ளாதே.

முதலில் அந்தக் கயிறு. நம் தீவில் எங்கே தோண்டினாலும் கயிறுதான் கிடைக்கும். உம்மா திரித்தாள், நான் திரித்தேன், தீவிலுள்ள பெண்கள் எல்லோரும் திரிக்கிறார்கள். மரத்தடியில் தங்கக் காசு கிடைத்திருந்தால்தான் நான் ஆச்சரியப்பட்டிருப்பேன்.

இப்போது நல்ல செய்தி கேள். மாலேக்கு ஒரு கண் டாக்டர் வந்திருக்கிறார். வெளிநாட்டுக்காரர். சித்திரை வெயில் முடியும்வரை இருப்பாராம். உனக்காகவே நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். எனக்கு ஒன்றுமில்லை என்றதும் கம்பவுண்டர் சிடுசிடுத்தார். "கண்ணுல ஒண்ணுமில்லாமலா கண்ணு பார்க்க வந்தே?" என்றார். தம்பிக்கு என்று சொல்லி, நீ எழுதியதை அப்படியே சொன்னேன். அவர் என்னைக் கையைப் பிடிக்காத குறையாக இழுத்துப் போய் ஒரு பெஞ்சைக் காட்டினார்.

அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அத்தனை பேர் கண்ணிலும் அது இருந்தது, ஈஸா. மூக்கோரத்திலிருந்து, முக்கோணமாக, நீ எழுதியது போலவே. நான் ஒவ்வொருவரிடமாகக் கேட்டேன். ஒருவர் தெற்கே இருந்து வந்த தண்டேல். ஒருவர் தூண்டில்காரர். ஒருவர் பவளக்கல் உடைக்கிறவர். ஒருத்தி கரையில் மாசி காயப்போடுகிறவள். கடைக்காரன் ஒருவனும் இல்லை, தையல்காரன் ஒருவனும் இல்லை. இத்தனை பேருக்கும் ஹப்ஸாவா செய்வினை வைத்தாள்?

டாக்டர் சொன்னதைக் கம்பவுண்டர் சொன்னார். வெயில் தலைக்கு மேலிருந்து மட்டும் வருவதில்லையாம். கடல் தண்ணீரிலும் வெள்ளை மணலிலும் பட்டு, கீழேயிருந்தும் பக்கத்திலிருந்தும் கண்ணில் அடிக்கிறதாம். அதோடு உப்புக் காற்றும் தூசியும் சேர்ந்து வருஷக் கணக்கில் அடித்தால், கண் தன்னைக் காத்துக்கொள்ளத் தோல் காய்ப்பது போல இப்படிச் சதை போடுமாம். கருவிழியின் நடுவுக்கு வருவதற்குள் வெட்டி எடுத்துவிடலாம். சிலருக்கு மறுபடி முளைக்குமாம், அதையும் மறைக்காமல் சொன்னார். சின்னதாக இருந்தால் வெட்டவே வேண்டாம், அகலத் தொப்பியும் நிழலும் போதும் என்றார்.

முதல் தோணியில் வா. ஓதிய தண்ணீரைக் கண்ணில் விடாதே, அது கிணற்றுத் தண்ணீர்தானே.

ராத்தா ரகிய்யா

---

மீதுஹுரா தீவு
பிப்ரவரி 2

ராத்தாவுக்கு,

ஸலாம். சுகம்.

நான் வருவதாக இல்லை. டாக்டர் கண்ணாடி போட்டிருக்கிறாரா என்று கேட்டுச் சொல். தன் கண்ணைச் சரி செய்யத் தெரியாதவர் என் கண்ணை வெட்டுவாரா?

வெயில்தான் காரணம் என்றால் எனக்கு ஏன் ஒரு கண்ணில் மட்டும் வந்தது? சூரியன் இடப் பக்கம் மட்டுமா அடிக்கிறது? இதை எழுதி முடித்துவிட்டேன், ஆனாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்த வாரம் வலக் கண்ணிலும் தொடங்கிவிட்டது. கலு மூஸாவிடம் ஓடினேன். "முதல்ல வெச்சதை நாம எடுத்துட்டோம்ல, அதான் ரெண்டாவது அனுப்பியிருக்கா" என்றார்.

இன்னொன்று. போன மாதம் இங்கிருந்து வந்த தோணியில் ஹப்ஸா உனக்கு மீன் சாறு காய்ச்சி ஒரு பானை ரிஹாக்குரு அனுப்பியிருக்கிறாள். தோணிக்காரன் வாய் தவறிச் சொல்லிவிட்டான். நீ அவ்வளவு நீளமாகக் கடிதம் எழுதினாய், டாக்டர், கம்பவுண்டர், பெஞ்சு என்றெல்லாம் எழுதினாய். பானையைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. அதை ரொட்டியில் தடவித் தின்றுவிட்டுத்தான் அவளுக்காக எனக்குப் புத்தி சொன்னாயா? அதில் என்ன கலந்திருந்தது என்று யாருக்குத் தெரியும்.

செய்ய வேண்டியதை நான் செய்துகொள்கிறேன். உனக்கு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஈஸா

---

மாலே
பிப்ரவரி 16

தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகமாக இல்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். மச்சான் என்னவென்று கேட்டதற்கு வெங்காயம் என்றேன்.

ஆமாம், ஹப்ஸா ரிஹாக்குரு அனுப்பினாள். வருஷா வருஷம் அனுப்புகிறாள். நீ தலாக் சொன்ன பிறகும் அனுப்புகிறாள். உனக்கு எழுதாததற்குக் காரணம், எழுதினால் நீ இப்படித்தான் எழுதுவாய் என்று தெரியும். தின்றேன். எனக்கும் மச்சானுக்கும் ஒன்றும் ஆகவில்லை. மச்சான் இரண்டாம் தடவை கேட்டு வாங்கித் தின்றார்.

செய்ய வேண்டியதைச் செய்துகொள்கிறேன் என்றால் என்ன அர்த்தம்? உங்கள் தீவுத் தோணிக்காரர்களிடம் கேட்டால் "நமக்கு ஒண்ணும் தெரியாது ராத்தா" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். ஒன்றும் தெரியாதவர்கள் முகத்தைத் திருப்ப மாட்டார்கள். தீவுத் தலைவர் கதீபிடம் போனாயா? செய்வினை என்று எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாதா? நாம் சிறுவர்களாக இருந்தபோது கிழக்குக் கரை ஆமினாவை இதே குற்றத்துக்குத் தண்டனையாக வேறு தீவுக்கு அனுப்பினார்களே. அவள் தோணியில் ஏறும்போது அவள் பிள்ளை மணலில் விழுந்து புரண்டதை நீயும் என்னோடு நின்று பார்த்தாய்.

பதில் எழுது. என்னைத் திட்டியாவது எழுது.

ரகிய்யா

---

மாலே
மார்ச் 5

ஹப்ஸாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் ஸுமையாவும் சுகமா? அதுஹம் சுகமா? நாங்கள் இருக்கிறோம்.

ஈஸாவிடமிருந்து பதில் இல்லை. இரண்டு தோணி வந்து போய்விட்டது. அவன் என்ன செய்திருக்கிறான் என்று நீ சொல்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். கேட்கவும் கூசுகிறது. பல் பிடுங்க வந்தபோது ஒரு மத்தியானம் தனியாகப் போனாயே, எங்கே போனாய்? கடைத்தெரு என்றாய். நான் அன்று நம்பினேன். இப்போது தூக்கம் பிடிக்கவில்லை. ஒருவேளை நீ ஏதாவது செய்திருந்தால், கோபத்தில், வயிற்றெரிச்சலில் செய்திருந்தால், என்னிடம் சொல்லிவிடு. நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். என்னிடம் மட்டும் மறைக்காதே.

ரகிய்யா

---

மீதுஹுரா தீவு
மார்ச் 24

மதினி ரகிய்யாவுக்கு ஹப்ஸா எழுதுவது,

வ அலைக்கும் ஸலாம். எல்லோரும் உயிரோடு சுகம். மதினி என்று எழுத எனக்கு இப்போது உரிமை இல்லை. வேறு எப்படி அழைப்பது என்று தெரியவில்லை, அப்படியே எழுதிவிட்டேன்.

நீங்களும் கேட்டுவிட்டீர்களே. கடிதத்தை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு பதில் போடக் கூடாது என்றுதான் இருந்தேன். பிறகு, கேட்டவர் நீங்கள் ஒருவர்தானே, மற்றவர்கள் கேட்காமலே முடிவு செய்துவிட்டார்கள் என்று தோன்றியது.

உங்கள் தம்பி கதீபிடம் எழுதிக் கொடுத்துவிட்டார். அதில் இரண்டு சாட்சியம். கண்ணில் இருப்பதை யாருக்கும் தெரிவதற்கு முன்னால் நான் சொன்னேன், அது ஒன்று. மாலேயில் ஒரு மத்தியானம் உங்களுக்குத் தெரியாமல் வெளியே போனேன், அது மற்றொன்று. இரண்டாவதை அவருக்குச் சொன்னது யார் என்று நான் கேட்கவில்லை. பெருநாள் முடிந்ததும் விசாரணை. கலு மூஸா சாட்சி. மெய்ப்பட்டால் வேறு தீவு. ஸுமையாவை என்னோடு அனுப்ப மாட்டார்கள்.

கிணற்றடியில் நான் போனால் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்கிறார்கள். கரையில் கயிறு திரிக்கத் தேங்காய் மட்டை தட்ட உட்கார்ந்தால் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. அதுஹமும் இப்போது என் முகம் பார்த்துப் பேசுவதில்லை. சோற்றைத் தின்பதற்கு முன் பூனைக்கு ஒரு வாய் போடுகிறார். பூனைப் பிரியம் என்று நானும் எண்ணிக்கொள்கிறேன்.

அந்த மத்தியானம் நான் போனது ஆஸ்பத்திரிக்கு. கம்பவுண்டரிடம் என் வீட்டுக்காரர் கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கிறது, மருந்து உண்டா என்று கேட்டேன். "ஆளைக் கூட்டிட்டு வாம்மா, ஆளில்லாம என்னத்தைப் பார்க்குறது?" என்றார். கூட்டி வர முடியாது. அதற்கு முன்பே நான் புள்ளி என்று சொன்னதற்கு என் வீட்டுக்காரர் தட்டைத் தள்ளிவிட்டு, "கண்ணு வைக்கிறியா? வாயை மூடு" என்று கத்தியிருந்தார். அவருக்குத் தெரியாமல் கேட்டேன் என்று தெரிந்தால் இன்னும் கத்துவார். அதனால்தான் உங்களிடமும் சொல்லவில்லை. மதினியிடம் சொன்னால் தம்பிக்குப் போகும் என்று பயந்தேன். பயந்தது சரிதான் போலிருக்கிறது.

வாயை மூடு என்றார், மூடிக்கொண்டேன். ஸுமையாவைப் பற்றியும் உங்களுக்கு ஒன்று எழுத நினைத்தேன். வேண்டாம், விட்டுவிடுகிறேன்.

ரிஹாக்குரு இந்த வருஷம் அனுப்ப மாட்டேன். தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஹப்ஸா

---

மாலே
ஏப்ரல் 3

ஈஸா,

ஸலாம். சுகம் கேட்க நேரமில்லை, தோணி பாய் விரித்து நிற்கிறது.

ஹப்ஸா அன்று போனது உனக்காக. உன் கண்ணுக்கு மருந்து கேட்க ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். கம்பவுண்டரிடம் ஓடினேன். மூன்று வருஷத்துக்கு முந்தியதை அவர் எங்கே நினைவு வைத்திருப்பார் என்று பயந்துகொண்டே கேட்டேன். நினைவு இருக்கிறது. "கன்னம் வீங்கி, பஞ்சை வாயில வெச்சுக்கிட்டு வந்தாளே அந்தப் பொம்பளைதானே? தன் பல்லுக்கு மருந்து கேக்காம புருஷன் கண்ணுக்குக் கேட்டா. மறக்குமா?" என்றார்.

அந்த மத்தியானத்தை உனக்கு எழுதியது நான். என் ஒரு வரியை எடுத்து அவள் கழுத்தில் கட்டியிருக்கிறாய். விசாரணைக்கு முன் இது உன் கைக்குக் கிடைக்க வேண்டும் யா அல்லாஹ்.

ரகிய்யா

---

மீதுஹுரா தீவு
ஏப்ரல் 25

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் சுகத்தையும் மச்சான் சுகத்தையும் அறிய ஆவல். இந்தத் தடவை உண்மையாகவே கேட்கிறேன்.

உன் கடைசிக் கடிதம் விசாரணை முடிந்த பிறகுதான் வந்தது. அதற்கு முன்பே எல்லாம் ஆகிவிட்டது.

கதீபின் கூடத்தில் ஊரே கூடியிருந்தது. கலு மூஸா கயிற்றைப் பற்றிச் சொன்னார். நான் புள்ளியைப் பற்றிச் சொன்னேன். கதீப் ஹப்ஸாவிடம், "இவனுக்கே தெரியாதது உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டார். அவள் குனிந்த தலை நிமிராமல், "பார்த்தேன். புருஷன் முகத்தைப் பெண்டாட்டி பார்க்க மாட்டாளா?" என்றாள். பின்னால் யாரோ சிரித்தார்கள். கதீப் அதட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "சரி, சத்தியம் பண்ணு. சும்மா இல்ல, கிட்டப் போய் அவ மூஞ்சியப் பார்த்துச் சொல்லு. இவதான் செஞ்சான்னு சொல்லு" என்றார்.

போனேன். அவள் தலையைத் தூக்கினாள். கதவு வழியாக வெளிச்சம் அவள் முகத்தில் அடித்தது.

ராத்தா, அவள் இரண்டு கண்ணிலும் இருக்கிறது. இடது, வலது இரண்டிலும், மூக்கோரத்திலிருந்து. வலது கண்ணில் என்னுடையதைவிடப் பெரிது, கருவிழிக்குள் பாதி தூரம் வந்துவிட்டது. இது இன்று நேற்று வந்ததில்லை. என்னோடு இருந்த காலத்திலேயே இருந்திருக்க வேண்டும். கயிறு மட்டையை எடுத்துக்கொண்டு வெள்ளை மணலில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தவள் அவள். பதினோரு வருஷம் ஒரே பாயில் படுத்தேன், ஒரே தட்டில் தின்றேன். அவள் என் கண்ணில் ஒரு புள்ளியைப் பார்த்தாள். நான் அவள் கண்ணில் ஒன்றையும் பார்க்கவில்லை.

சத்தியம் வாயில் வரவில்லை. "எப்பயிலிருந்து இது?" என்று கேட்டேன். எல்லோரும் கேட்கும்படிதான் கேட்டேன். "உங்களுக்கு முந்தியே" என்றாள். "ஏன் சொல்லல?" "கேக்கலையே."

கதீப் எழுந்து வந்து பார்த்தார். பிறகு அதுஹமைக் கூப்பிட்டுக் கதவோரம் நிறுத்தினார். அவனுக்கும் இருக்கிறது, சின்னதாக. என் தோணி ஆட்கள் வரிசையாக வந்து காட்டினார்கள், பாதிப் பேருக்கு இருக்கிறது. கடைசியில் கதீப் கலு மூஸாவின் தாடையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினார். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். "தொறய்யா" என்று அதட்டிய பிறகு திறந்தார். இரண்டு கண்ணிலும்! ஊருக்கெல்லாம் எடுக்கிறவர் தன்னுடையதை எடுக்கவில்லை. அவர் நான்கு நாளாக வீட்டை விட்டு வெளியே வரவில்லை.

மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. கிணற்றடியில் இன்றும் சில பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்கிறார்கள். நான் கொடுத்த பேச்சைக் கதீப் திருப்பிக் கொடுத்தார், ஊர் திருப்பிக் கொடுக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது, ராத்தா. 

டாக்டரிடம் வருவது என்று முடிவு செய்தேன். கடல் தாண்டிப் போகிறவன் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டு வர வேண்டும் அல்லவா? எல்லா வீட்டுக்கும் போனேன். அவள் வீட்டுக்குக் கடைசியில் போனேன். அதுஹம் என்னைப் பார்த்ததும் வலையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டான். வாசலில் நின்று கேட்டேன். "பொறுத்துட்டேன். நல்லபடியாப் போயிட்டு வாங்க" என்றாள். எல்லா வீட்டிலும் சொல்வது போலத்தான் சொன்னாள். நான் திரும்பினேன்.

"கொஞ்சம் நில்லுங்க" என்றாள். ஸுமையாவைக் கூப்பிட்டாள். பிள்ளையின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து என் பக்கம் திருப்பிக் காட்டினாள். 

பார்த்தேன். இந்தத் தடவை நன்றாகப் பார்த்தேன். வலது கண்ணில், மூக்கோரத்தில், மஞ்சளாக ஒரு சின்ன மணி. கருவிழியைத் தொடவில்லை, சிவப்பும் இல்லை. உம்மாவோடு உட்கார்ந்து மட்டை தட்டுகிற பிள்ளை. டிசம்பரில் என் வாசலில் வந்து நின்றது இதற்காகத்தான். உறுத்துகிறது என்று வாப்பாவிடம் சொல்ல வந்திருக்கிறாள். நான் யார் அனுப்பினார்கள் என்று கேட்டேன்.

"இதை எப்ப பார்த்தே?" என்று ஹப்ஸாவைக் கேட்டேன்.

"உங்க வாசலுக்கு வந்தாளே, அதுக்குக் கொஞ்சம் முந்தி."

"இத்தனை மாசமா யாருகிட்டயும் ஏன் சொல்லல? பிள்ளை கண்ணு இல்லையா?"

அவள் ஸுமையாவின் முகத்தை விடாமல் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "எப்படிச் சொல்லுவேன்? முதல்ல சொன்னவதானே செஞ்சவ?" என்றாள்.

நான் அந்த வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வரும் தோணியில் ஹப்ஸாவும் ஸுமையாவும் வருகிறார்கள். அதுஹம் கூட்டி வருகிறான், நான் அவனிடம் போய்க் கேட்டுக்கொண்டேன். ஹப்ஸாவின் வலது கண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதற்குள் டாக்டர் கிளம்பிவிடாமல் நீ போய்ச் சொல்லி வை. நான் அடுத்த தோணியில் வருகிறேன். அதற்குள் கரையில் பெண்கள் மட்டை தட்டுகிற இடத்துக்கு ஓலைப் பந்தல் போட வேண்டும். கம்பு நட்டாகிவிட்டது, என் தோணி ஆட்கள் ஓலை கொண்டுவரப் போயிருக்கிறார்கள்.

ஒரே ஒரு விஷயம். ஸுமையாவின் கண்ணில் இருப்பதை முதலில் பார்த்துச் சொன்னது நான் என்று கதீபிடமும், கிணற்றடியிலும், பள்ளிவாசலிலும் சொல்லியிருக்கிறேன். உன்னிடம் யாராவது கேட்டால் நீயும் அப்படியே சொல்.

உன் தம்பி
ஈஸா